சாவி கொடுக்கும் நாள்

நவம்பர் 3, திங்கள்
சிங்கப்பூர் வேலைக்கான ஐ.பி.ஏ., அதாவது விசாவுக்கான முன் அனுமதி, வந்துவிட்டது. 24-ம் தேதி ஃப்ளைட். சிப்காட் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்ததும் கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் சொன்னேன். முகம் மலர்ந்து காபி கொடுத்தார். பிறகு மெதுவாக, "ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணும்னு எழுதியிருக்கேப்பா" என்றார்.

நவம்பர் 4
பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது அக்ரிமென்ட். 11 மாதம், வாடகை 7,500, அட்வான்ஸ் 50,000, காலி செய்ய 2 மாத நோட்டீஸ். கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் எட்டு மாதமாக ஏஜென்ட் "வந்துடும், வந்துடும்" என்றாரே தவிர தேதி சொல்லவில்லை. விசாவுக்கு முன் நோட்டீஸ் கொடுத்து, விசா வராமல் போனால் குழந்தையோடு எங்கே போவது? வந்த பிறகோ இருப்பது மூன்று வாரம்.

எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்கிறது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். எழுதிக் கொடுத்தவனுக்கு அது கைகொடுக்காது. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, கழிக்க வேண்டியது போக அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். அந்த ஒரு மாதம் முடியும்போது நான் கடல் தாண்டி இருப்பேன். யார் போய்க் கேட்பது?

சிங்கப்பூர் துவாஸில் இருக்கும் மச்சான் சொன்னார்: அங்கே வாடகை ஒப்பந்தங்களில் 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' என்று ஒன்று எழுதுவார்களாம். வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், பெரும்பாலும் ஓராண்டு கழித்து, 2 மாத நோட்டீஸில் விடுபடலாம். வெளியூர்க்காரர்களால் நிரம்பிய இந்தக் கும்மிடிப்பூண்டியில், வேலைக்காகக் கிளம்புகிறவருக்குக் குறைந்த நோட்டீஸ் போதும் என்று ஒரு வரியை யாரும் எழுதுவதில்லை. எழுதவேண்டும். நான் கேட்டிருக்கவேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு
அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. "வீடு சும்மா கிடந்தா லோனை யாருப்பா கட்டுவா?" என்று அவர் கேட்டதும் நியாயம்தான். அதனால் ஆள் தேடினேன். கவரைப்பேட்டையிலிருந்து ஷிப்ட் தோழர் குடும்பத்தோடு வந்து பார்த்தார். அவர் மனைவி குழாயைத் திறந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்து உப்பா என்று பார்த்தார். டிசம்பர் முதல் தேதி வருகிறார்கள். நோட்டீஸ் பேச்சு அத்தோடு நின்றது.

நவம்பர் 22, சனி
மனைவியும் மகளும் பொன்னேரி மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். துணி முழுக்க மில் கரி. பெயின்டுக்கு அம்மா ஒரு மாத வாடகை கழித்தார். ஈ.பி. மீட்டரை இருவரும் நின்று போட்டோ எடுத்தோம். கையில் 20,000. மீதி 22,500-ஐ டிசம்பரில் என் மனைவியிடம் கொடுப்பதாக இரண்டு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "போய் இறங்கினதும் போன் பண்ணுப்பா" என்றார்.