பூமி ஏன் நடுங்கியது?

2021 நவம்பர் 29 விடியற்காலையில் வேலூருக்கு மேற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் நிலம் நடுங்கியது, அளவு 3.6. டிசம்பரிலும் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் அதிர்ந்தது. "அக்கா, ஆதிசேஷன் தலையை அசைத்தாரா?" என்று எங்கள் தெருச் சிறுவர் பயந்து கேட்டனர்.

பாடப்புத்தகத்தில் உள்ளபடி சொன்னால் தூக்கம்தான் வரும். ஆகவே லாங் பஜாரைக் காட்டினோம். மூட்டை ஏற்றிய இரு கைவண்டிகள் நெரிசலில் உரசிச் சிக்கிக்கொள்கின்றன. தள்ளத் தள்ள அசைவதில்லை. திடீரென விடுபடும்போது ஒரு குலுக்கல். மேல் மூட்டை சரிகிறது! அப்படித்தான், நம் நாட்டைத் தாங்கும் பாறைத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. (இமயம் எழுந்ததும் இதனாலேயே.) அந்த நெருக்கம் இங்குள்ள பழம்பாறைகள் வரை பரவுகிறது. பழைய பிளவொன்று சற்றே வழுக்கினாலும் நிலம் அதிரும்.

"மறுபடி எப்போது வரும்?" என்றாள் ஒரு சிறுமி. அதை நாள் குறித்துச் சொல்ல உலகில் எவராலும் இயலாது என்றோம். அதிர்ந்தால் உறுதியான மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள் என்றும் சொன்னோம். அன்று மாலையே அவள் வீட்டில் எல்லோரும் புகுந்து பார்த்தார்களாம், பாட்டியைத் தவிர.