மாதத்தில ஒருநாள் லீவு

ஏ.எல். பயோ வகுப்பில அவள் எங்களுக்குப் பக்கத்து வாங்கு. மாதத்தில ஒருநாள் வரமாட்டாள். "ஒளிச்சிருந்து படிக்கிறாய் என்ன?" எண்டு பகிடி பண்ணுவம். சிரிச்சுக்கொண்டே எங்கட கொப்பியை வாங்கி எழுதுவாள். அவள் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் ஏத்தப் போறவள் எண்டு சோதினை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரியும். தலசீமியா.

அந்த வகுப்பிலதான் ஸ்பிளைசிங் படிச்சம். பரம்பரையலகிலிருந்து பிரதியாகும் ஆர்.என்.ஏ.யில் இன்ட்ரோன்களை வெட்டி எறிந்து, எக்சோன்களை ஒட்டிய பிறகுதான் புரதம் செய்வதற்கான செய்தி தயாராகும். 1977இல் கண்டுபிடித்தார்கள்; 1993இல் ஷார்ப்புக்கும் ரொபர்ட்ஸுக்கும் நோபல் பரிசு. பாடமாக்கி எழுதினம், மார்க்ஸும் வந்தது. பக்கத்து வாங்கை மட்டும் நினைக்கேல்லை.

பிறகு தேடி வாசிக்கேக்கதான் பிடிபட்டது. இலங்கையில் பீட்டா தலசீமியாவுக்கு அதிகம் காரணமாக இருக்கும் மாற்றமே ஒரு ஸ்பிளைசிங் பிழைதான். பீட்டா குளோபின் பரம்பரையலகின் முதல் இன்ட்ரோனில் ஐந்தாவது எழுத்து 'ஜி'. அது 'சி' ஆகிவிட்டால், எங்கே வெட்டுவது என்று கலத்துக்குக் குழம்பிவிடும். 16 அல்லது 38 எழுத்து முன்னுக்கோ, 13 எழுத்து பின்னுக்கோ வெட்டும். செய்தி மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவது. இந்த எண்கள் எதுவும் மூன்றால் பிரிபடாது. அதனால் வெட்டுக்குப் பிறகு வரும் முழுச் செய்தியும் பிழைத்துவிடும். சரியான செய்தி கொஞ்சம்தான் மிஞ்சும், ஈமோகுளோபினும் அவ்வளவுதான். பரம்பரையலகு இருந்தும் அதன் பேச்சு வெளியில வராது.

ஒரு பிரதி மட்டும் பிழைத்தவர் காவி. அவருக்கு வருத்தம் ஒண்டும் தெரியாது. இரண்டு காவிகள் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25% வாய்ப்பு.

போன வருசம் நாங்கள் எல்லாரும் போய் இரத்தம் சோதிச்சம். எங்களில ஒருத்தி காவி. வீட்டில அவளுக்குக் கலியாணம் பேசுற நேரம். அம்மா சொன்ன முதல் கதை, "ஆருக்கும் சொல்லிப்போடாதை."

அந்த அம்மாவில எங்களுக்குக் கோவம் இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில, இரத்தம் சோதிச்சதைக் குறையாத்தானே பார்ப்பினம். ஆனா காவியாக இருக்கிறது குறையும் இல்லை, கலியாணத்துக்குத் தடையும் இல்லை. ரெண்டு பேரும் முதலே தெரிஞ்சு வச்சிருந்தால், டொக்டரோட கதைச்சு யோசிச்சு முடிவெடுக்கலாம். மறைச்சால் அந்த வழியும் இல்லை.

அவள் மாப்பிள்ளை வீட்டில சொல்லப்போறாளாம். நாங்களும் கூடப் போறம்.