ஆர்ப்பாக்கத்துச் சம்புவராயர்

ராத்திரி ரெண்டு மணி. ஒரகடத்துல ஒரு ஃபேக்டரி கேன்டீன். ஆறிப்போன டீ. நாங்க எழுதின புது சாஃப்ட்வேரை அசெம்பிளி லைன்ல ஏத்தியாச்சு, இனி நம்ம கையில ஒண்ணுமில்ல. போன் அடிக்கணும், அவ்வளவுதான். அக்கா வளைகாப்புக்குக் கூடப் போகாம, "உன்னை நம்பித்தான்டா இருக்கேன்"னு சொன்ன மேனேஜருக்காக உட்கார்ந்திருந்தேன்.

அன்னிக்கு எனக்குத் துணை எதிரிலிசோழ சம்புவராயர் :-)

ஒரகடத்துலேர்ந்து வாலாஜாபாத் வழியா காஞ்சிபுரம் போய் உத்திரமேரூர் ரோட்டைப் பிடிச்சா ஆர்ப்பாக்கம். அந்த ஊர்க் கோயில் கல்வெட்டுல இருக்கார் மனுஷன். சோழருக்கு அடங்கின தொண்டை மண்டலத்துச் சிற்றரசர். காலம் 1170-ஐ ஒட்டி.

சண்டை அவரோடதே இல்லை. மதுரை யாருக்குன்னு பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் தகராறு. பராக்கிரம பாண்டியன் இலங்கை அரசன் பராக்கிரமபாகுகிட்ட உதவி கேட்க, படை வந்து சேர்றதுக்குள்ள குலசேகரன் அவனைக் கொன்னுட்டான். ஆனாலும் தளபதி லங்காபுரன் திரும்பிப் போகலை. குலசேகரனை மதுரையை விட்டே துரத்தினான். அவன் சோழர்கிட்ட ஓடினான். சின்ன வயசு ராஜா இரண்டாம் ராஜாதிராஜன் படை அனுப்பினார். தொண்டி, பாசிப் பக்கமெல்லாம் போர். சோழ நாட்டு ஜனங்க நடுங்கிப் போனாங்களாம்.

சம்புவராயர் என்ன செஞ்சார்? கௌட தேசத்துலேர்ந்து வந்திருந்த உமாபதிதேவர்ங்கிற சிவாசாரியார்கிட்டப் போய் தன் பயத்தைச் சொல்லியிருக்கார். ராமேஸ்வரம் கோயில் பூஜையை நிறுத்தினவங்க அவங்க, தோத்துப் போக வழி பண்றேன்னார் அவர். 28 நாள் ராப்பகலா பூஜை. அப்புறம் பல்லவராயர்கிட்டேர்ந்து ஓலை வந்தது: இலங்கைத் தளபதிகள் தோத்து ஓடிட்டாங்க! சம்புவராயர் ஆர்ப்பாக்கம் ஊரையே ஆசாரியாருக்கு எழுதி வெச்சுட்டார்.

(இலங்கைக்காரங்க எழுதின சூளவம்சத்துல லங்காபுரன் தோக்கவே இல்லை. எல்லா ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டும் அப்படித்தானே!)

வீரத்தைப் பாடுற கல்வெட்டுகளுக்கு நடுவுல, ஒரு சிற்றரசர் பயந்ததை எழுதி வெச்ச கல்வெட்டு இது. என்னை இழுத்ததே அதுதான். அரண்மனையில எத்தனை தடவை வாசலைப் பார்த்திருப்பார்?

கதை அங்க முடியலை. பல்லவராயர் மறுபடி ஜெயிச்சு, இலங்கைத் தளபதிகள் தலையை மதுரைக் கோட்டை வாசல்ல அடிச்சு வெச்சு, குலசேகரனை அரியணை ஏத்தினார். அந்தக் குலசேகரன் என்ன பண்ணினான் தெரியுமா? கொஞ்ச நாள்ல அதே பராக்கிரமபாகுவோட கை கோர்த்துக்கிட்டான்! சோழர்கள் வேற வழியில்லாம எதிர்க்கட்சி வீரபாண்டியனை மதுரையில உட்கார வெச்சாங்க. திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதைச் சொல்லுது.

அதைக் கேட்டப்போ சம்புவராயர் என்ன சொல்லியிருப்பார்? அந்த 28 நாளை நினைச்சிருப்பாரா? குடுத்த ஊரைத் திருப்பியா கேட்க முடியும்?

நாலரை மணிக்குப் போன் வந்தது. லைன் ஓடுது. ஆறு மாசம் கழிச்சு அந்த மேனேஜர் போட்டிக் கம்பெனியில போய்ச் சேர்ந்துட்டார். அக்கா பையனுக்கு இப்ப ஒண்ணரை வயசு. என்னைப் பார்த்தா அழுறான்.

வர்ற ஞாயிறு ஆர்ப்பாக்கம் போகலாம்னு இருக்கேன். அவனையும் தூக்கிட்டு.