காஞ்சியின் கோபுரங்களும் குழித்தறிகளும்

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், வேகவதி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது காஞ்சி மாநகர். பல்லவப் பேரரசின் தலைநகராய் விளங்கிய இந்நகருக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே சீன யாத்திரிகர் யுவான் சுவாங் வந்து சென்றார். இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோவிலும், பல்லவர் வரலாற்றைச் சிற்ப வரிசையாய்க் காட்டும் வைகுண்டப் பெருமாள் கோவிலும், 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோவில் இராசகோபுரமும் காண்போர் கண்களைக் கவர்வன. அறிஞர் அண்ணா 1909-இல் பிறந்த ஊரும் இதுவே.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்து உருவான காஞ்சிபுரம் மாவட்டம், 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் அளவிற் சிறியதாயிற்று. எனினும் அதன் பெருமை சிறியதன்று. குடவோலை முறையைக் கூறும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ள உத்திரமேரூர் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. கணக்குக் காட்டத் தவறியவர் ஊர்ப் பொறுப்புக்கு வரலாகாது என்று அன்றே விதித்தனர் நம் முன்னோர்.

கோவில்களைக் கண்டு திரும்பும் பயணிகள் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களுக்குள்ளும் சிறிது நடந்து பார்த்தல் நலம். கதிரவன் சுடுமுன் தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவர். கருநாடகத்துப் பட்டுநூலும் சூரத்து ஜரிகையும் இங்கே கைகோக்கின்றன. உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிப் பிணைவதே 'கோர்வை'. அதற்கு நெசவாளர் ஒருவர் போதார். மறுபுறக் கரைக்கு நாடா எறிய உடன் ஒருவர் வேண்டும். ஒரு சேலை முடியப் பல நாள்கள் செல்லும்.

கோடையில் வெயில் 40 பாகையை எட்டும் இவ்வூரைக் காண, மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நெசவாளர்க்குச் சோதனைக் காலம். தெருவில் பாவு உலராது, குழித்தறியில் ஈரம் ஊறும், தறி நிற்கும். சேலைக் கணக்கில் கூலி பெறுவோர்க்குத் தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அப்போது வாங்கும் முன்பணமே பின்னர்க் கழுத்தை நெரிக்கும் கடனாகிறது.

அத்தகைய கடனுக்கு ஈடாக, ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியரே துணைக் கையாகத் தறியில் அமர்த்தப்பட்டனர். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும், நல்லோர் பலரின் உழைப்பும் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. இதற்காக நாம் இறைவனுக்கு நன்றி கூறுவோம். வளர்ந்த இளைஞரோ, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் மாதச் சம்பளத்தை நாடிச் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

அங்ஙனமாயின், தறியில் அமர்வோர் யார்? பழம்பெருமை பேசுவதால் இக்கலை பிழைக்காது. பிள்ளைகளை மீண்டும் குழியில் இறக்கியும் அதைக் காத்தலாகாது. நெய்பவருக்கும் துணைக்கு அமரும் பெரியவருக்கும் குடும்பம் நடத்தப் போதிய கூலி கிடைத்தால் மட்டுமே அது வாழும். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல், தொழிலாளிக்கு நியாயமான கூலியையும், உடலும் உள்ளமும் முதிராப் பிள்ளைகளுக்குத் தொழிற்கூடத்தினின்று விடுதலையையும் ஒருங்கே வலியுறுத்தியது. கூடாரம் செய்து பிழைத்த புனித பவுலும், தச்சரான புனித சூசையப்பரும் கைத்தொழிலின் மாண்பை நமக்குக் காட்டிச் சென்றனர்.

ஆகவே அன்பர்களே, திருமணப் பட்டு எடுக்கக் காஞ்சிக்குச் செல்லும்போது, புவிசார் குறியீடு பெற்ற அசல் கைத்தறிச் சேலையையே கேட்டு வாங்குங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் ஏறிப் பாருங்கள். விலையைக் குறைக்கப் பேரம் பேசுமுன், இதில் நெய்தவர் பங்கு எவ்வளவு என்று ஒரு சொல் கேளுங்கள். உத்திரமேரூர்ச் சபையோர் கேட்ட அதே கணக்குத்தான் அது. பீடத்தின் முன் மணமகள் அணிந்து நிற்கும் பட்டில் எவருடைய கண்ணீரும் கலவாதிருக்கட்டும்.