கொம்பு தேடும் விரல்

கிளை நூலகத்தின் மூலையில் ஒரே ஒரு கணினி. அதன் முன்னால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி. பக்கத்தில் நாற்காலி நுனியில் பேரன். பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் மடியில். எதிர் மேசையில் நாளிதழை விரித்தபடி நான். அரைமணி நேரமாகப் பக்கம் திருப்பவில்லை.

முதுகு நிமிர்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டி, விரல்கள் வளைந்து ஆச்சி உட்கார்ந்திருந்த விதமே சொல்லிவிட்டது, தட்டச்சு நிலையத்தில் பழகிய உடம்பு என்று.

திரையில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த, காசு கேட்காத மென்பொருள். யாரோ முகப்பைத் தமிழில் மாற்றி வைத்திருக்கிறார்கள். மேலே 'கோப்பு' என்றிருந்ததை வாசித்ததும், "இது நம்ம ஆபீஸ் வார்த்தைல்லா" என்றார். அந்தக் குரலில் சொந்தக்காரரைக் கண்ட மகிழ்ச்சி.

டக், டக், டக். விசைப்பலகை அதிர்ந்தது.

"மெதுவா, ஆச்சி. தொட்டாப் போதும்."

"கார்பன் வச்சு அடிச்ச கையிலே. கடைசிக் காப்பியிலயும் எழுத்து விழணும்ல."

அடித்துக்கொண்டிருந்த மனுவில் 'பொருள்' என்ற சொல்லுக்கு வந்தார். இடக்கை விரல் தயங்கிக் காற்றிலேயே நின்றது.

"கொம்பு எங்கலே இருக்கு?"

"கொம்பே கிடையாது, ஆச்சி. ப அடிங்க. பெறகு ஒ."

தட்டச்சுப்பொறியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் கைக்கும் வரிசை: முதலில் கொம்பு, அடுத்து எழுத்து, பிறகு கால். இந்தக் கணினியில் இருக்கும் தமிழ்99 விசைப்பலகை வாயின் வரிசையில் நடக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற அமைப்பு அது. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. முப்பத்தொரு விசைகளில் நம் நெடுங்கணக்கு அடங்கிவிடுகிறது. மாநாட்டு மேடைகளில் தமிழுக்குப் பாடும் புகழைவிட இந்த ஏற்பாடு மொழிக்குச் செய்த தொண்டு பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆச்சி ப அடித்தார். ஒ அடித்தார். தனியே நின்ற எழுத்தின் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் ஒரே நேரத்தில் வந்து ஒட்டிக்கொண்டன.

கை நின்றது. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தார். எதுவும் சொல்லவில்லை.

பிறகு வேகம் பிடித்தது. 'விளக்கு' என்ற சொல்லில் புள்ளியைத் தேடியபோது, "ககரத்தை ரெண்டு தடவை அடிங்க, புள்ளி தானா விழும்" என்றான் பையன். விழுந்தது. வரி முடியும் இடத்தில் இடக்கை தானாக எழுந்து, உருளையைத் தள்ளும் நெம்புகோலைத் தேடியது. அங்கே வெறும் காற்று. அதற்குள் சொல் தானே அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வரியிலும் எழுந்தது. மூன்றாவது வரியில் பாதி தூரம் எழுந்து திரும்பியது.

தெருவிளக்கு எரியாதது பற்றிய மனு முடிந்தது. அச்சு எடுக்கத் தாள் கேட்டு வர நூலகரிடம் போனான் பேரன்.

ஆச்சி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். நான் நாளிதழுக்குள் குனிந்துகொண்டேன். மனுவின் அடியில், ஒற்றை விரலால், ஓசை எழாமல் ப அடித்தார். சற்று நின்றார். ஒ அடித்தார். அழித்தார். மறுபடி ப.