பின்னால் நடக்கும் அமீர்

மூவர் பயணம் புறப்பட்டால் அவர்களில் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழிமுறை. பயணங்களில் அவர்கள் கூட்டத்துக்குப் பின்தங்கி வந்து, நலிந்தவர்களைத் தம்முடன் அழைத்து வருவார்கள் என்ற செய்தியும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனியே பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, சென்ற ஜனவரியில் எங்கள் குடும்பம் ஜலகாம்பாறை அருவிக்கு நடந்து செல்லத் திட்டமிட்டபோது வாய்த்தது.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி மலையின் சரிவில் விழும் அருவி அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமையை எண்ணிக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். இது கிழக்குத் தொடர்ச்சி மலை. கோடையில் இலையுதிர்த்து நிற்கும் வறண்ட காடு. மலைமேல் பெய்யும் மழையே அருவியின் உயிர். வெயில் ஏற ஏற நீர் நூலாக இளைத்து, பிறகு பாறை மட்டுமே மிஞ்சும். திருப்பத்தூரிலிருந்து அருவிக்கருகே வரை வண்டியில் செல்லலாம். மலைமேல் உள்ள நிலாவூரிலிருந்து காட்டுப் பாதையில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் இறங்கியும் வந்து சேரலாம். பிள்ளைகள் விரும்பியது இரண்டாவது வழியை.

வாணியம்பாடியிலுள்ள எங்கள் வீட்டில் மஷூராவுக்கு அமர்ந்தோம். நான், என் மனைவி, எங்கள் பிள்ளைகள் இருவர், தம்பி, அவன் மனைவி, பதினைந்து வயது மகன். அம்மா அருவியடிக்கு வண்டியில் நேராக வந்துவிடட்டும் என்று தம்பி சொன்னான். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மாவுக்கு வயது 61; பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு அம்மா சொன்னார்கள்: "உங்கத்தா இருந்த வரைக்கும் அந்த மலைய ஜன்னல்லேருந்துதாம்பா பார்த்தேன். முடிஞ்ச வரைக்கும் நானும் நடக்கறேனே."

அதற்குப் பிறகு பேச்சின் திசை மாறியது. என்னை அமீராக ஆக்கினார்கள். எட்டுப் பேரில் மிக மெதுவாக நடப்பவருக்கு ஏற்ற திட்டமே எட்டுப் பேருக்குமான திட்டம் என்று முடிவு செய்தோம்.

முதலில் நாள். மழைக்காலத்தில் நீர் மிகுதி. ஆனால் பாறை வழுக்கும், வெள்ளமும் திடீரென்று இறங்கும். பிப்ரவரி முடிந்தால் சருகும் புல்லும் தீக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டு சென்றதை நாம் மறக்கக் கூடாது. எனவே, மழை ஓய்ந்து ஈரம் மிச்சமிருக்கும் ஜனவரியைத் தேர்ந்தோம். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றோம். ஒரு வழிகாட்டி போதும் என்றிருந்தது. நடுவழியில் பிரிய நேர்ந்தால் என்று எண்ணி இருவரைக் கேட்டுக்கொண்டோம்.

அடுத்தது பாதையின் இயல்பு. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலை வாட்டும். மேலிருந்து இறங்கும் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. களைப்பை உணரும் நேரத்தில் திரும்ப வேண்டிய வழி முழுவதும் ஏற்றமாக இருக்கும். ஆகவே முடிவெடுக்கும் இடம் பாதிவழியில் இருக்கக் கூடாது. அதற்கு வெகு முன்பே இருக்க வேண்டும். 8.15க்கு நடை தொடங்கினால் 9 மணிக்கு முதல் ஓய்வு. அங்கே அம்மாவே முடிவு சொல்ல வேண்டும். யாரும் வற்புறுத்தக் கூடாது. காட்டுக்குள் அலைபேசியை நம்ப முடியாது என்பதால், வேன் 10.30 வரை நிலாவூரிலேயே நிற்கும். அதன்பின் மலையைச் சுற்றி அருவியடிக்கு வரும் என்று ஓட்டுநரிடம் சொல்லி வைத்தோம்.

மருத்துவரிடமும் கேட்டோம். நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம் என்பதால் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது என்றும், பேரீச்சம்பழமும் குளுக்கோசும் பைக்குள் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். காலணி புதிதாக வேண்டாம், பழகியதே நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். ஒளுவுக்கென்று தனியே ஒரு கேன் வேனில் இருந்தது. ஒரு லிட்டரைக்கூட எட்டாத ஒரு 'முத்' அளவு நீரில் நபிகளார் ஒளுச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட அந்தக் கேன் உதவியது. எங்கள் ஊருக்கும் ஏலகிரிக்கும் உள்ள தூரம் கஸ்ருக்குப் போதாது. எனவே லுஹரை நான்கு ரக்அத்தாகவே, அருவியடியில் தொழுவதாக வைத்துக்கொண்டோம். அருவியருகே முருகன் கோயில் உண்டு. அங்கு வருவோரின் வழியை மறிக்காத இடமாகத் தொழுகைக்குப் பார்க்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். தம்பி முன்னே, நான் அம்மாவுடன் கடைசியில். ஒன்பது மணிக்கு ஒரு மரத்தடியில் அமர்ந்தபோது அம்மா தம் முழங்காலைத் தடவிப் பார்த்தார்கள். "இது போதும்பா. நான் திரும்பிடறேன். நீங்க போங்க" என்றார்கள். குரலில் வருத்தம் இருந்தது, தோல்வி இல்லை. தலைமையைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். அமீர் திரும்புவதா என்று அவன் தயங்கினான். கடைசியில் வருபவருடன் இருப்பதுதான் என் வேலை என்றேன்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வோம் என்று ஜாபிர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அன்று காட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தன. கீழே பிள்ளைகளின் 'சுப்ஹானல்லாஹ்' தேய்ந்துகொண்டே போனது. மேலே அம்மா ஒவ்வொரு படிப்பாறையிலும் நின்று, மூச்சு வாங்கி, 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லி ஏறினார்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் இறங்கிய வழியை ஏற ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. வழியில் அத்தாவைப் பற்றி அம்மா பேசியவற்றில் பாதி நான் அதுவரை கேட்டறியாதவை. வீட்டில் அவ்வளவு நேரம் அவர்கள் அருகில் நான் இருந்ததில்லை. நிலாவூரில் வேன் நின்றுகொண்டிருந்தது. அப்போது மணி 10.20.

கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கையும் இறங்கி, திருப்பத்தூர் வழியாக நாங்கள் அருவியடியை அடைந்தபோது மற்றவர்கள் முன்பே வந்து, கால் நனைத்து, ஒளுவுக்கு ஆயத்தமாக இருந்தார்கள். அருவியில் நீர் மெலிந்துதான் விழுந்தது. அம்மா அதன் எதிரே ஒரு பாறையில் அமர்ந்து வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு எட்டுப் பேரும் ஜமாஅத்தாக லுஹர் தொழுதோம்.

நம் குடும்பங்களில் பயணத் திட்டம் போடும்போது, முதியவரையும் நோயாளியையும் வீட்டில் விட்டுச் செல்வதே அவர்களுக்குச் செய்யும் உதவி என்று பல வேளை முடிவு செய்துவிடுகிறோம். வேன் எத்தனை மணிவரை நிற்கும், எந்த மரத்தடியில் திரும்பலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிவிட்டால், அவர்களும் நம்முடன் கொஞ்ச தூரம் நடக்கலாம். எங்கள் அம்மா நடந்தது ஒன்றரை கிலோமீட்டர் இருக்கலாம். அந்த மலையை இப்போதும் ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகளை அழைத்து, தாம் திரும்பிய இடம் எதுவென்று காட்டுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.