முன்பாரமும் பின்பாரமும்

இங்கே எழுதும் நண்பர்கள் கவிதை, நாவல், திரைப்படம் என்று பேசிக்கொண்டிருக்க, நாம் இம்முறை லாரியைப் பற்றி எழுதப் புகுந்தால் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். தமிழ் படித்தவனுக்கு அச்சும் ஆரமும் அந்நியமானவை அல்ல. உப்பு வணிகர்கள் மேடுபள்ளங்களை எண்ணி வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் பதிவு செய்திருக்கிறார். மயிற்பீலியேயானாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரத்தின் செய்தி. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறோம். ஆனால் அக்குறள் பேசுவது 'எவ்வளவு' என்பதை மட்டுமே. 'எங்கே' என்பதைப் பேச அங்கு இடமில்லை.

நெய்க்காரப்பட்டிச் சுற்றுவட்டாரம் பாரம் ஏற்றிப் பழகிய நிலம். கரும்பு, வெல்லம், தேங்காய், மக்காச்சோளம் எல்லாம் இங்கிருந்து வண்டியேறுகின்றன. கிருஷ்ணாபுரத்து அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நடந்த பருவங்களில் கரும்பு லாரிகளின் பின்னே, தோகை முகத்தில் உரச, இருசக்கர வண்டியில் சென்றவர்களுக்கு அந்த அச்சம் தெரியும். பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுகள். மேட்டில் ஏறுகையில் தரையில் பாவாதவைபோல் தோன்றும் முன்சக்கரங்கள்.

மாட்டுவண்டிக் காலத்தில் இதற்கென்றே இரு சொற்கள் இருந்தன: முன்பாரம், பின்பாரம். மூட்டைகள் முன்னே மிகுந்தால் நுகத்தடி காளைகளின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் மாட்டின் நடையைக் கொண்டே அறிந்து இரண்டு மூட்டைகளை இடம் மாற்றுவார், அல்லது தாமே முன்னோ பின்னோ நகர்ந்து உட்காருவார். பாரத்தின் பிழை உடனே ஓர் உயிரின் கழுத்தில் தெரிந்தது. லாரிக்குக் கழுத்து இல்லை. பட்டைகள் வளைந்து கொடுக்கின்றன, எஞ்சின் இழுத்துவிடுகிறது. பிழை தெரியவரும் இடம் பெரும்பாலும் ஒரு வளைவு அல்லது ஓர் அவசரப் பிரேக்.

கணக்கு எளியது. இழுவைப் பெட்டி இல்லாத, ஒரே சட்டகத்தில் அமைந்த, இரண்டு அச்சு லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 4.8 மீட்டர். வெறும் வண்டி முன்னே 3.4 டன், பின்னே 3 டன் என்று வைத்துக்கொள்வோம். 11 டன் வெல்லம் ஏற்றுகிறோம். அப்பாரத்தின் நடுமையம் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னே அமைந்தால், சரக்கில் கால் பங்கு முன் அச்சுக்குப் போகும்: முன்னே 6.15 டன், பின்னே 11.25 டன். அதே வெல்லத்தை இரண்டடி பின்னே தள்ளி, நடுமையம் 0.6 மீட்டரில் விழும்படி அடுக்கினால், முன்னே ஏறத்தாழ 4.8 டன், பின்னே 12.6 டன்.

2018இல் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆயிற்று, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2இலிருந்து 18.5 டன்னாயிற்று. நம் எடுத்துக்காட்டில் இரண்டு முறையும் மொத்தம் 17.4 டன்தான். எடைமேடை குற்றமில்லை என்கிறது. பின் அச்சோ வரம்பைக் கடந்து நிற்கிறது.

கடந்தால் என்ன என்று கேட்கலாம். முன்சக்கரங்களில் பாரம் குறைந்தால் திசைமாற்றி சொன்னபடி கேட்காது. பின் டயர்கள் சூடேறி வெடிக்கும் வாய்ப்பும் கூடும். சாலைக்கும் கேடு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிச் செய்த சோதனையிலிருந்து பிறந்த விதி ஒன்று உண்டு: சாலையின் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப வளர்கிறது. அவ்விதிப்படி, இரண்டடி பின்தள்ளிய அதே வெல்லம் பின் அச்சின் வழியே செய்யும் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஊராட்சிச் சாலைகள் ஏன் இப்படியிருக்கின்றன என்று வியப்போர் மழையை மட்டும் பழிக்கிறார்கள்.

வெல்லச் சிப்பம் அடுக்கும் பெரியவர் ஒருவர் நம்மிடம் சொன்னது: "கேபினை ஒட்டியே ஏத்திப்புட்டாலும் ஆகாதுங்க சார், வண்டி மூக்கைக் குத்தும். பொறத்தால குமிச்சாலும் ஆகாதுங்க." அடர்த்தியான சரக்கு பெட்டியை நிரப்பாது, ஆகவே கதவோரம் குவித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அங்கேதான் சோதனை.

இறக்கும்போதும் ஒரு விந்தை. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி ஏற்றி, ஊர் ஊராக இறக்கிச் செல்லும் லாரியில் பின் அச்சுக்கும் பின்னே இருக்கும் மூட்டைகளை முதலில் இறக்கினால், முன் அச்சின் பாரம் குறைவதற்குப் பதில் கூடுகிறது. பழனிக்குக் காவடி எடுப்பவரின் தோள்போலப் பின் அச்சை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும்: ஒரு முனை இலேசானால் மறுமுனை தாழும்.

2005இல் உச்ச நீதிமன்றம், அபராதம் கட்டிவிட்டு மிகைப்பாரத்தோடு பயணம் தொடர மாநிலங்கள் அனுமதிப்பதைக் கண்டித்தது. 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. நல்லதுதான். ஆனால் நாம் கண்ட எடைச் சீட்டுகளில் மூன்றே வரிகள்: மொத்த எடை, வெற்று வண்டி, சரக்கு. முன், பின் என்று இரண்டு கட்டங்கள் இல்லை. புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால், முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, முழு வண்டியையும் ஏற்றி மறுமுறை எடுத்துக் கழித்தால் பின் அச்சின் பாரம் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. இன்னொரு சீட்டுக்கான கட்டணம்.